‘கெட் டவுன்’: பேருந்திலிருந்து இறங்குவதும் ஆட்டத்தில் இறங்குவதும் – முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஆங்கிலம் பேசத் தெரிந்த எவருக்கும் ‘கெட் டவுன்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது பேருந்துதான். அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதை ‘ஐ ஹேவ் டு கெட் டவுன் அட் தி நெக்ஸ்ட் ஸ்டாப்’ என்று நாம் கூசாமல் சொல்கிறோம். அமெரிக்கரும் ஆங்கிலேயரும் இந்த இடத்தில் பெரும்பாலும் ‘கெட் ஆஃப்’ என்றே சொல்வார்கள். ‘இறங்கு’ என்ற தமிழ்ச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு நாம் ‘டவுன்’ என்கிறோம். இது பிழை என்று சொல்லிவிட முடியாது. இந்திய ஆங்கிலத்தில் நெடுங்காலமாக வேரூன்றிவிட்ட வழக்கு. ஆனால் இந்தப் பழக்கத்தோடு அமெரிக்கத் திருமண வரவேற்பு ஒன்றுக்குள் நுழைபவருக்கு ஒரு சிறு குழப்பம் காத்திருக்கிறது. விருந்து முடிந்து, விளக்குகள் மங்கி, பாட்டு ஒலிபரப்பும் டி.ஜே. ‘லெட்ஸ் கெட் டவுன்!’ என்று ஒலிவாங்கியில் முழங்கும்போது, எதிலிருந்து இறங்கச் சொல்கிறார் என்று நம்மவர் ஒரு கணம் விழிப்பார். அவர் சொல்வது, ‘வாருங்கள், கூச்சத்தை விட்டு ஆடித் தீர்ப்போம்’ என்பதுதான்.

இந்தப் பொருளில் ‘கெட் டவுன்’ என்பது அமெரிக்கப் பேச்சு வழக்குக்குரிய ஒரு கூட்டு வினை. வினைச்சொல்லோடு ‘அப்’, ‘டவுன்’, ‘அவுட்’ போன்ற ஒரு சிறு சொல் சேர்ந்து, இரண்டின் தனிப்பொருளையும் கூட்டினாலும் கிடைக்காத புதுப் பொருளைத் தரும் வகையைச் சேர்ந்தது. இதைக் கேட்டுப் புரிந்துகொள்வது, உரிய இடத்தில் பயன்படுத்துவது, பயன்படுத்தக் கூடாத இடத்தை அறிவது ஆகிய மூன்றையும் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: மற்றப் பொருள்களைப் பிரித்து வையுங்கள்

நடனப் பொருளுக்குப் போகுமுன், அதே இரு சொற்கள் சுமக்கும் வேறு பொருள்களை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். ஏணியிலிருந்தோ மரத்திலிருந்தோ இறங்குவது ஒன்று. ஒருவரை மனம் சோரச் செய்வது மற்றொன்று: ‘திஸ் வெதர் கெட்ஸ் மீ டவுன்’ என்றால் இந்த வானிலை என்னைச் சோர்வடைய வைக்கிறது என்று பொருள். சொல்வதைக் குறித்துக்கொள்வதும், மாத்திரையை ஒருவழியாக விழுங்கிவிடுவதும் ‘கெட் இட் டவுன்’ தான். பிரிட்டனில் சாப்பிட்டு முடித்த குழந்தை, மேசையை விட்டு எழுந்து போகலாமா என்று பெற்றோரிடம் கேட்பதும் ‘மே ஐ கெட் டவுன்?’ என்ற கேள்விதான். ‘கெட் டவுன் டு பிசினஸ்’ என்றால் பேச்சை விட்டுக் காரியத்தில் இறங்குவது.

இவற்றிலிருந்து நடனப் பொருளைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வினைக்கும் ‘டவுன்’ என்பதற்கும் நடுவே ‘மீ’, ‘ஹிம்’, ‘இட்’ போன்ற ஏதேனும் ஒரு செயப்படுபொருள் அமர்ந்திருந்தால், அது நடனம் அன்று; சோர்வோ, எழுத்தோ, விழுங்குதலோ, வேறு எதுவோ. ஆடுகிற ‘கெட் டவுன்’ தன் இரு சொற்களுக்கு நடுவே எதையும் அனுமதிக்காது, செயப்படுபொருளையும் ஏற்காது. எனவே ‘கெட் தி டான்ஸ் டவுன்’ என்று சொன்னால், அந்த ஆட்டத்தைக் கற்றுத் தேர்வது என்றோ எழுதி வைப்பது என்றோதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

இரண்டாம் படி: ‘டவுன்’ ஏன் வந்தது என்று புரிந்துகொள்ளுங்கள்

கூட்டு வினைகளை மனப்பாடம் செய்தால் ஒரு மாதத்தில் மறந்துவிடும். உடம்பில் எங்கே பிறந்தவை என்று அறிந்தால் மறக்காது. இந்தச் சொல் ஆப்பிரிக்க-அமெரிக்கர்களின் பேச்சிலும் ஆட்டத்திலும் வளர்ந்தது. ஐரோப்பிய பாலே நடனத்தின் நோக்கம் மேல்நோக்கியது. ஆடுபவர் கால்விரல் நுனியில் எழுந்து, தரையை விட்டு விடுபடுவதுபோல் தோன்ற முயல்கிறார். மேற்கு ஆப்பிரிக்க ஆட்டங்கள் பலவற்றில் திசை நேர் எதிரானது. முழங்கால்கள் மடிகின்றன, இடுப்பு தாழ்கிறது, பாதம் முழுவதும் நிலத்தில் பதிகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்த ராபர்ட் ஃபாரிஸ் தாம்ப்சன், ஆப்பிரிக்கக் கலையையும் அசைவையும் பற்றி 1974-இல் வெளியிட்ட நூலில், இந்தத் தாழும் பண்பைக் குறிக்க ‘கெட் டவுன்’ என்ற சொல்லையே கையாண்டார். முரசின் சூடு ஏறும்போதும், உடன் ஆடுபவருக்கோ வாசிப்பவருக்கோ மரியாதை செய்யும்போதும் ஆடுபவர் தரைக்கு அருகே தாழ்ந்து ஆடுவதை அவர் விவரித்தார். ஆகவே இங்கே ‘டவுன்’ என்பது வெறும் அலங்காரம் அன்று; உடம்பின் நிலையே அது. பரதத்தின் அரைமண்டியை அறிந்தவர்களுக்குத் தாழ்ந்து ஆடுவதன் வலிமையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டுக்கும் உறவு கற்பிக்க நான் முயலவில்லை, நினைவில் நிறுத்த உதவும் என்பதற்காகவே சொல்கிறேன்.

1970-களில் ஃபங்க், டிஸ்கோ என்ற இரு இசை வகைகள் அமெரிக்க வானொலியைப் பிடித்தபோது இந்தச் சொல்லும் நாடெங்கும் பரவியது. ஃபுளோரிடாவைச் சேர்ந்த கே.சி. அண்ட் தி சன்ஷைன் பேண்ட் என்ற குழுவின், ‘கெட் டவுன் டுநைட்’ என்ற தலைப்பிலேயே அமைந்த பாடல், 1975-இல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. கூல் அண்ட் தி கேங் குழு 1981-இல் ‘கெட் டவுன் ஆன் இட்’ என்று பாடியது. அதற்குள் இந்தச் சொல் எல்லா இன மக்களின் வாயிலும் புழங்கத் தொடங்கியிருந்தது.

அதே காலத்தில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வேறொன்று நடந்தது. கூல் ஹெர்க் என்று அறியப்பட்ட இளைஞர், இசைத்தட்டில் பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே ஆட்டக்காரர்கள் காத்திருப்பதைக் கவனித்து, இரண்டு இசைத்தட்டுகளை வைத்து அந்தத் துண்டையே நீட்டித்து ஒலிக்கச் செய்தார். அந்தத் தாளத் துண்டை ‘கெட் டவுன் பார்ட்’ என்று அழைப்போரும் உண்டு. வினைச்சொல் அங்கே பெயரடையாகவே மாறிவிட்டது. இத்தகைய ஆட்டங்களிலிருந்து வளர்ந்த ஹிப் ஹாப் இசையின் வரலாற்றைப் பற்றிய எதையேனும் படிக்கும்போது இந்த வடிவம் எதிர்ப்பட்டால், இறங்கும் இடம் என்று மொழிபெயர்த்துவிட வேண்டாம்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் நிலைமை வேறு. அயர்லாந்துப் பாடகர் கில்பர்ட் ஓ’சல்லிவனின் ‘கெட் டவுன்’ என்ற பாடல் 1973-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. தலைப்பைப் பார்த்து அதுவும் ஆட்டப்பாட்டு என்று நினைப்பவர் ஏமாறுவார். மேலே தாவும் நாயை அதட்டும் தொனியில்தான் அங்கே அச்சொற்கள் வருகின்றன. ஒரே பத்தாண்டில், ஒரே மொழியில், ஒன்று அழைப்பு, மற்றொன்று அதட்டல்.

மூன்றாம் படி: தமிழில் எதனோடு பொருத்துவது

அகராதிகள் ‘உற்சாகமாக நடனமாடு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். அதில் தவறில்லை, ஆனால் உயிர் இல்லை. நம் பேச்சில் இதற்கு மிக நெருங்கிய சொல் நாம் பேருந்தில் பயன்படுத்தும் அதே ‘இறங்கு’ தான் என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி. வேலையில் இறங்குகிறோம், களத்தில் இறங்குகிறோம். குத்துப்பாட்டு ஒலித்தால் ‘இறங்கிக் குத்து’ என்று கூவுகிறோம். நிலத்தில் கால் பதிப்பதையும், தயக்கத்தை விட்டு முழுமையாக ஈடுபடுவதையும் தமிழும் ஒரே சொல்லால் குறிக்கிறது. எனவே ‘தே வேர் கெட்டிங் டவுன் டில் மிட்நைட்’ என்ற வாக்கியத்தை ‘நள்ளிரவு வரை இறங்கி ஆடிக்கொண்டிருந்தார்கள்’ என்று எழுதினால், அகராதிப் பொருளைவிட மூலத்தின் சுவை கூடுதலாகவே வந்து சேரும்.

ஆனால் இரண்டும் முழுதும் ஒன்றல்ல. நம் ‘இறங்கி அடிப்பது’ கிரிக்கெட் மட்டையாளருக்கும் பொருந்தும். ஆங்கிலத்தின் ‘கெட் டவுன்’ அங்கே பொருந்தாது. அதேபோல் எல்லா நடனத்தையும் இச்சொல்லால் குறிக்க முடியாது. இது குறிக்கும் ஆட்டத்தில் மூன்று கூறுகள் இருக்க வேண்டும்: தாளம் அழுத்தமானதாக இருக்க வேண்டும், ஆடுபவர் பார்ப்பவர்களைப் பற்றிய கூச்சத்தை விட்டிருக்க வேண்டும், நோக்கம் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். மேடையில் வர்ணம் ஆடும் கலைஞரைப் பற்றியோ, வால்ட்ஸ் ஆடும் இணையைப் பற்றியோ இப்படிச் சொன்னால் அது கேலியாகவே ஒலிக்கும். பயிற்சி வகுப்பில் எண்ணிக்கை சொல்லிக் கற்கும் ஆட்டத்துக்கும் இது பொருந்தாது. மாறாக, தாளம் தெரியாத மாமா ஒருவர் திருமண வீட்டில் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆடினால், அது முழுமையான ‘கெட் டவுன்’. திறமைக்கு இதில் இரண்டாம் இடம்தான்.

நான்காம் படி: வாக்கியத்தில் அமைப்பது

கட்டளையாகவும் அழைப்பாகவும் இது அதிகம் வரும்: ‘லெட்ஸ் கெட் டவுன்’. ஒருவரின் ஆட்டத்தை மெச்சும்போது ‘ஷீ கேன் ரியலி கெட் டவுன்’ என்பார்கள். அவள் ஆடத் தொடங்கினால் அசத்திவிடுவாள் என்பது இதன் பொருள். நடந்துகொண்டிருப்பதைச் சொல்ல ‘எவ்ரிபடி வாஸ் கெட்டிங் டவுன்’ என்ற தொடர்வினை இயல்பாக வரும். இறந்தகாலம் ‘காட் டவுன்’. முற்றுநிலையில் அமெரிக்கர் ‘காட்டன் டவுன்’ என்று சொல்வர். பருத்தித் துணியோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. நடனப் பொருளில் எளிய இறந்தகாலம் குறைவாகவே கேட்கும். ‘வீ காட் டவுன்’ என்று மட்டும் சொன்னால், இறங்கினோமா ஆடினோமா என்ற ஐயம் எழும். ‘வீ காட் டவுன் ஆன் தி டான்ஸ் ஃப்ளோர்’ என்று இடத்தைச் சேர்த்துவிட்டால் ஐயம் நீங்கிவிடும்.

எந்த இசைக்கு ஆடுகிறோம் என்பதைச் சொல்ல ‘டு’ என்ற முன்னிடைச்சொல் வரும்: ‘கெட் டவுன் டு சம் ஃபங்க்’. இங்கேதான் கற்போர் பலர் சறுக்குகிறார்கள். காரியத்தில் இறங்குவதற்கும் அதே ‘டு’ தான் வருகிறது. ‘டு’ என்பதற்குப் பின் வருவது இசையா வேலையா என்பதைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். ‘டு’ என்பதை அடுத்து ‘-இங்’ ஈற்றுச் சொல் வந்தால், எடுத்துக்காட்டாக ‘கெட் டவுன் டு ரைட்டிங்’ என்றிருந்தால், அது பெரும்பாலும் வேலைதான்.

ஐந்தாம் படி: ஒலிப்பு

கூட்டு வினைகளில் பொதுவாகப் பின்னால் வரும் சிறு சொல்லே அழுத்தம் பெறும். ‘கெட்’ என்பதை அழுத்தி ‘டவுன்’ என்பதை விழுங்கினால் அமெரிக்கச் செவிக்கு அந்நியமாக ஒலிக்கும்; ‘டவுன்’ என்பதே ஓங்க வேண்டும், ஆட்ட அழைப்பில் அது சற்றே நீளவும் செய்யும். ‘கெட் டவுன் டு வொர்க்’ என்னும்போதோ அழுத்தம் ‘வொர்க்’ என்பதற்கு இடம் மாறிவிடும். விரைவான பேச்சில் முதற்சொல்லின் இறுதி ஒலி தனியாக வெடிக்காது. நாக்கு ஒருமுறை அடைத்து, அடுத்த சொல்லோடு சேர்ந்தே விடுபடும். இரு சொல்லும் ஒட்டி ஒலிக்கையில் நம் காதுக்கு ஏறக்குறைய ‘கெட்டவன்’ என்று விழுந்தாலும் விழும். அடுத்த படியில் வரும் ஒரு தொடருக்கு இது வேடிக்கையான பொருத்தம்.

ஆறாம் படி: ஆபத்தான அண்டை வீட்டார்

முதலாவது, உண்மையிலேயே ஆபத்தானது. காவலரோ, பதற்றத்திலிருக்கும் ஒருவரோ ‘கெட் டவுன்!’ என்று குறுக்கிக் கத்தினால், உடனே குனிந்து தரையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதே பொருள். அங்கே குரலில் நீட்டலோ சிரிப்போ இருக்காது. இந்த வேறுபாட்டை இலக்கணத்தால் அறிய இயலாது. தொனியாலும் சூழலாலும்தான் அறிய முடியும்.

இரண்டாவது, வினையை மாற்றிவிடுவது, அல்லது பின்னால் வேறு சொல்லைச் சேர்த்துவிடுவது. ‘கெட் டவுன்’ என்பதற்குப் பதிலாக ‘கோ டவுன்’ என்றோ, பின்னால் ‘ஆன்’ என்பதோடு ஒருவரின் பெயரைச் சேர்த்தோ சொன்னால், பொருள் படுக்கையறைக்குப் போய்விடும் வாய்ப்பு உண்டு. ‘கெட் டவுன்’ என்பதற்கே அப்படியொரு கிளைப்பொருள் இருக்கிறது. பழைய நடனப் பாடல்கள் பல அந்த இரட்டைப் பொருளோடு விளையாடியவைதான். ஆகவே அலுவலகத் தோழி ஒருவரிடம் ‘ஐ வான்ட் டு கெட் டவுன் வித் யூ’ என்று சொல்லவே கூடாது. அவரை ஆட அழைக்க வேண்டுமானால் ‘வுட் யூ லைக் டு டான்ஸ்?’ என்பதே மரியாதையும் பாதுகாப்பும் உள்ள வாக்கியம். ‘ஐ’ம் டவுன் வித் தட்’ என்பதோ முற்றிலும் வேறு. எனக்கு அதில் சம்மதம் என்று மட்டுமே பொருள்.

மூன்றாவது, மேலே குறிப்பிட்ட வேடிக்கைத் தொடர். ஒருவர் அட்டகாசமாக ஆடும்போது, ‘கெட் டவுன் வித் யுவர் பேட் செல்ஃப்!’ என்று அமெரிக்கர் கூவி உற்சாகப்படுத்துவதுண்டு. ‘பேட்’ என்பதைக் கேட்டு மனம் நோக வேண்டாம். ஆப்பிரிக்க-அமெரிக்கப் பேச்சில் இது உச்சபட்சப் பாராட்டு. ‘பயங்கரமாக ஆடினான்’ என்று நாம் மெச்சும்போது யாரும் பயப்படுவதில்லை அல்லவா, அதே நியாயம்தான் இங்கும்.

ஏழாம் படி: யார், யாரிடம், எப்போது

இது நேர்முகத் தேர்விலோ, அலுவல் மடலிலோ, தேர்வுக் கட்டுரையிலோ இடம்பெறத் தக்கதன்று. நண்பர்களுக்கு இடையே, விழாக்களில், குறுஞ்செய்திகளில் மட்டுமே தகும். மேலும் இன்று இதில் 1970-களின் வாசனை சற்றுத் தூக்கலாகவே வீசும். நடுவயதைத் தாண்டியவர்கள் இயல்பாகவும், இளையோர் பெரும்பாலும் அப்பா காலத்துச் சொல் என்ற சிரிப்போடும் பயன்படுத்துகிறார்கள். கல்லூரி மாணவர் ஒருவர் இதை முழுத் தீவிரத்தோடு சொன்னால் நண்பர்கள் புன்னகைப்பார்கள். அதே சொல்லை வேண்டுமென்றே பழைய பாணியில் சொன்னால் கூடச் சேர்ந்து ஆடுவார்கள்.

இதன் உறவுக்காரச் சொற்களையும் அடையாளம் கண்டு வைத்திருக்கலாம். ‘பூகி டவுன்’ மிக நெருங்கிய உறவு. ‘பூகி’ என்ற சொல் 1920-களின் பூகி-வூகி என்னும் பியானோ இசையோடு புகழ்பெற்று, பின்னர் டிஸ்கோ காலத்தில் ஆடு என்ற வினையாகவே நிலைத்தது. ‘ராக் அவுட்’ என்பது ராக் இசைக்குத் தலையை ஆட்டித் திளைப்பது. அதற்கு ஆட்டக்களம் தேவையில்லை, மகிழுந்துக்குள் தனியாக இருந்தாலும் செய்யலாம். ‘கட் எ ரக்’ என்பது பாட்டன் காலத்துச் சொல். விரிப்பைக் கிழிக்கும் அளவுக்கு ஆடுவது என்ற படிமம் அதில் இருக்கிறது. இவற்றைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், எல்லாவற்றையும் பேச வேண்டிய கட்டாயம் இல்லை.

எட்டாம் படி: பழகிப் பாருங்கள்

பின்வரும் நான்கு வாக்கியங்களை உரக்கப் படித்து, எது ஆட்டம் என்று நீங்களே தீர்மானியுங்கள். ‘தி நியூஸ் காட் ஹெர் டவுன்.’ ‘மை கிராண்ட்மதர் ஸ்டில் நோஸ் ஹவ் டு கெட் டவுன்.’ ‘லெட்ஸ் ஸ்டாப் டாக்கிங் அண்ட் கெட் டவுன் டு இட்.’ ‘கெட் டவுன் ஃப்ரம் தேர் பிஃபோர் யூ ஃபால்.’

முதலாவதில் நடுவே ‘ஹெர்’ வந்துவிட்டதால் அது சோர்வு. மூன்றாவது காரியத்தில் இறங்குவது. பேச்சை நிறுத்துவோம் என்ற முன்பகுதியே அதைக் காட்டிக்கொடுக்கிறது. நான்காவதில் ‘ஃப்ரம்’ இருப்பதால் உயரத்திலிருந்து இறங்கச் சொல்வது. இரண்டாவது மட்டுமே ஆட்டம்: என் பாட்டிக்கு இன்னும் இறங்கி ஆடத் தெரியும். பாட்டிக்கு இன்னும் படியிறங்கத் தெரியும் என்று மொழிபெயர்த்திருந்தால் முதல் படிக்குத் திரும்பிப் போவது நல்லது.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. டி.ஜே.யின் அழைப்புக்கு மறுமொழி தேவையில்லை. நாற்காலியை விட்டு எழுந்தால் அதுவே விடை. பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்து இழுக்கும்போது ஆட விருப்பமில்லை என்றால், ‘நோ’ என்று வெட்டிவிடாமல் ‘ஐ’ம் நாட் மச் ஆஃப் எ டான்சர்’ என்று சிரித்தபடி சொல்லலாம். எனக்கு ஆட்டமெல்லாம் அவ்வளவாக வராது என்பது அதன் பொருள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கு அவர் ‘நைதர் ஆம் ஐ, கம் ஆன்!’ என்று திருப்பிச் சொன்னால், எனக்கும்தான் வராது, வாருங்கள் என்கிறார். அதற்குமேல் மறுக்க ஆங்கிலத்தில் நல்ல வாக்கியம் எதுவும் எனக்குத் தெரியாது.